போர்க்களத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?
அரூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய போர்க்களம் ஒன்றைக் காப்பதற்காக அரசு உழவர் நிலத்தை எடுக்கலாமா? எடுப்பதென்றால் எவ்வளவு, எந்த வழியில், என்ன விலைக்கு? ஹரியானாவின் பானிப்பட்டிலும் மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகானிலும் இன்று எழுந்திருக்கும் கேள்வி இது. அமெரிக்கா இதே கேள்வியை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. தருமபுரி மாவட்டத்தின் அரூரில் நின்று இதைக் கேட்கத் தனிக் காரணம் உண்டு. போர் நினைவுகள் மண்ணில் இவ்வளவு அடர்ந்து கிடக்கும் வட்டாரங்கள் தமிழ்நாட்டில் குறைவு. அரசு நிலம் எடுக்க வந்தால் என்ன நடக்கும் என்பதை அண்மையில் நேரில் கண்ட வட்டாரமும் இதுதான்.

போர் நடந்த மண்

அரூரிலிருந்து வடகிழக்கே ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் போகும் தடம் மைசூர்ப் பீடபூமியையும் கீழே உள்ள சமவெளியையும் இணைத்த பழைய படைவழி. முதலாம் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் 3 அன்று, செங்கத்தில் ஹைதர் அலி, நிஜாம் ஆகியோரின் கூட்டுப் படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, முறியடித்தது. மறு ஆண்டு அரூரை அடுத்த தென்கரைக்கோட்டையும் தருமபுரியும் கும்பினி வசமாயின. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் இழந்த இடங்களை மீட்கத் தொடங்கிவிட்டார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் இந்த வட்டாரம் அடங்கிய பாராமகால் முழுவதும் கும்பினியிடம் போய்ச் சேர்ந்தது.

இவை பீரங்கிக் காலத்துப் போர்கள். அவற்றுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சண்டைகளின் தடயம் இன்னும் நெருக்கமாகக் கிடைக்கிறது. சங்க காலத் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமான்களின் தலைநகர்; சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்ற போர் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. அந்தப் போர் எந்த வயலில் நடந்தது என்று இன்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் அதற்குப் பிந்தைய பல்லவர் காலத்துச் சிறு சண்டைகள் நடந்த இடங்களை நடுகற்கள் காட்டித் தருகின்றன. மாட்டு மந்தையைக் கவர வந்தவரோடு மோதியும், மந்தையை மீட்டும் உயிர்விட்ட வீரர்களுக்கு நட்ட கற்கள் அவை. புறமலை நாடு என்று கல்வெட்டுகள் குறிக்கும் இந்தப் பகுதியிலும் செங்கம் பகுதியிலும் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் அவற்றைத் தேடிப் பதிவு செய்தது. ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி 1972-ல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது.

நடுகல் ஒன்றின் முன்னால் நின்று பார்க்க வேண்டும். மார்பளவோ இடுப்பளவோ உயரத்தில் ஒரு பலகைக்கல். ஒரு கையில் வில், மறு கையில் ஓங்கிய வாள். மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருக்கும். கால் பக்கம் கெண்டியும் சிமிழும். சில கற்களில் ஓரத்தில் மாடுகளும் உண்டு. மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாட்டின் பெயர், சண்டையின் காரணம், விழுந்தவன் பெயர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரன் கருந்தேவகத்தியோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு சண்டையின் காலம், இடம், காரணம், இழப்பு நான்கையும் ஒரே கல்லில் சொல்லும் இத்தகைய ஆவணம் உலகின் புகழ்பெற்ற போர்க்களங்கள் பலவற்றுக்குக் கிடையாது.

இந்தக் கற்கள் நிற்பது வயல் வரப்பில், புளியமரத்தடியில், ஏரிக்கரையில். பட்டா நிலத்திலும் உண்டு, புறம்போக்கிலும் உண்டு. பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கல் வைத்து, எண்ணெய் பூசி, ஆண்டுக்கொரு படையல் போட்டு வருகிறார்கள். இத்தனை நூற்றாண்டுகள் இவற்றைக் காத்தது இந்த வழிபாடுதான். போர்க்களப் பாதுகாப்பு பற்றி யார் என்ன திட்டம் போட்டாலும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரசு ஏன் நிலம் கேட்கிறது?

போர்க்களத்துக்கு நிலம் கேட்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள்: மண்ணுக்குள் சான்று இருக்கிறது, களத்தின் தோற்றம் கெடக்கூடாது, வருகிறவர்களுக்கு வசதி வேண்டும். மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதல் காரணம் வலுவானது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், 1876-ல் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983-ல் தீப்பிடித்துப் புல் முழுவதும் கருகியது. வெளிப்பட்ட தரையில் அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் உலோகங்காட்டிக் கருவிகளோடு இறங்கி, தோட்டா உறைகள் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார்கள். எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பது வரை தெரியவந்தது. நூறாண்டுகள் சொல்லப்பட்டுவந்த போர்க்கதை அதனால் திருத்தப்பட்டது. மேற்பரப்பில் ஒன்றுமில்லாத வெறும் நிலமாகத் தெரிவதுகூட முதல் தரச் சான்றாக இருக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஜேசிபி ஒரு நாள் ஓடினால் அந்தச் சான்று திரும்பி வராது.

இரண்டாவது காரணத்தை இடத்துக்கு இடம் எடைபோட வேண்டும். மூன்றாவது காரணமான வாகன நிறுத்தம், சிலை, பூங்கா ஆகியவற்றுக்காக ஒரு குடும்பத்தின் சோற்று நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதை நியாயப்படுத்த முடியாது என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டுத் திட்டங்களில் பெரும்பாலும் முன்னால் நிற்பது இந்த மூன்றாவது காரணம்தான்.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் களத்தில் மின்சார ரயில்பாதை போட ஒரு நிறுவனம் முனைந்தபோது அரசு அந்த நிலத்தைக் கட்டாயமாக எடுக்க வழக்குப் போட்டது. போர்க்களத்தைக் காப்பதும் பொதுப்பயன்பாடே என்று 1896-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாரம்பரியப் பாதுகாப்புக்காக நிலம் எடுக்கும் அதிகாரத்துக்கு அங்கே அடித்தளம் போட்ட தீர்ப்பு அது.

அதிகாரம் இருப்பதாலேயே அது மலிவாகிவிடுவதில்லை. வர்ஜீனியாவின் மனாசஸ் களத்தை ஒட்டி வணிக வளாகம் கட்ட வேலை தொடங்கியபோது, 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் 540 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது. இழப்பீடு கடைசியில் 13 கோடி டாலரைத் தாண்டியது. முன்கூட்டியே களத்தை அளந்து, அக்கம்பக்கத்து உழவரிடம் பேசி வாங்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1995-ல் 43 போர்க்களங்களைப் பட்டியலிட்டு ஒரு பதிவேடு தொடங்கினார்கள். பதிவேட்டில் ஏறியதால் நிலம் கைமாறுவதில்லை. உழவர் உழவராகவே இருக்கிறார். கட்டட அனுமதி கேட்டு வரும்போது அதிகாரிகள் களத்தின் முக்கியத்துவத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். இதன் பலவீனமும் தெரிந்ததே: வளர்ச்சித் திட்டத்தின் அழுத்தம் அதிகமானால் பதிவேடு தோற்றுப்போகும். ஆனாலும் எந்த நிலம் முக்கியம் என்று முதலில் அளந்து எழுதிவைத்தார்களே, அந்த வேலை நம்மிடம் இன்னும் நடக்கவில்லை.

இந்தியக் களங்கள்

பானிப்பட்டில், 1761 ஜனவரி 14-இல் மராத்தியர் வீழ்ந்த மூன்றாம் போரின் நினைவிடம் காலா ஆம். அதை நிலம் எடுத்துப் பெரிதாக்கும் திட்டத்துக்கு மகாராஷ்டிரமும் துணை நிற்கும் என்று 2025 ஜனவரி 14 அன்று அங்கே சென்ற முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிஸ் அறிவித்தார். பீமா கோரேகானில், 1818 ஜனவரி 1 போரின் வெற்றித்தூணைக் காண ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். தலித் மக்களின் தன்மான நாளாகவே அது மாறிவிட்டது. தூணைச் சுற்றியுள்ள நிலத்தின் உரிமை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரண்டு இடங்களிலும் நிலம் கேட்கப்படுவது முதன்மையாக நினைவுச்சின்னத்துக்காகவும் கூட்டத்துக்காகவும்தான். போர் நடந்த பரப்பை அளந்து காப்பது பேச்சில் பின்னால் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரை எடுத்துக்கொள்வோம். முதலாம் மகேந்திரவர்மனும் இரண்டாம் புலிகேசியும் மோதிய ஊர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் நிர்மூலமாக்கியதும் இங்கேதான். மைசூர் ராக்கெட்டுகள் பெயர் பெற்ற போர் அது. அடுத்த ஆண்டு அதே களத்தில் நடந்த போரில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவரின் நினைவுத்தூண்கள் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. கல்லறைக்குக் காவல் இருக்கிறது, களத்துக்கு இல்லை. ஹைதர் பக்கம் விழுந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. பாஞ்சாலங்குறிச்சியில் கும்பினியார் 1801-ல் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையின் இடத்தருகே 1974-ல் தமிழக அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. மக்கள் நினைவுக்கு அது செய்த நன்மை பெரிது. ஆனால் புதுக் கட்டடம் பழைய மண்ணின் சான்றுக்கு ஈடாகாது.

சட்டத்தின் முடிச்சுகள்

மத்தியத் தொல்லியல் சட்டம் 1958-ஆம் ஆண்டினது. அதில் போர்க்களம் என்று தனி வகை கிடையாது. நினைவுச்சின்னம் அல்லது தொல்லியல் இடம் என்ற வகைக்குள் பொருந்தினால்தான் காவல். சின்னம் அழியும் ஆபத்து இருந்தால் 13-ஆம் பிரிவின்படியும், காக்கப்பட்ட பரப்பில் தேசிய மதிப்புள்ள தொல்பொருள் இருந்தால் 20-ஆம் பிரிவின்படியும் நிலத்தை எடுக்கலாம். எடுக்கச் சொல்வது 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி. அந்தச் சட்டமோ போய்விட்டது. 2014 ஜனவரி 1 முதல் நியாயமான இழப்பீட்டுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது.

புதுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில், அதன் நடைமுறைகளிலிருந்து விலக்கு பெற்ற 13 மத்தியச் சட்டங்கள் உள்ளன. முதல் இடத்தில் இருப்பது தொல்லியல் சட்டம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமும் அதே அட்டவணையில் இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையால் இழப்பீடும் மறுவாழ்வும் இந்தச் சட்டங்களுக்கும் பொருந்தும் என்றானது. கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை மாநிலம் நிர்ணயிக்கும் 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்கி, அதன் மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகையும் தர வேண்டும். ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு என்னும் படி, அதாவது எடுப்பதற்கு முன்பே ஊராரைக் கேட்டு, யாருக்கு என்ன இழப்பு என்று எழுதிவைக்கும் படி, தொல்லியல் எடுப்புக்குக் கட்டாயமா என்பது வாதத்துக்கு இடமாகவே நிற்கிறது. தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டத்துக்கு இந்த விலக்கு இல்லை.

இன்னொரு முடிச்சு அதிகம் பேசப்படாதது. 2010-ல் வந்த திருத்தத்தின்படி மத்திய அரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஒரே ஒரு நடுகல்லை மத்தியக் காவலுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 100 மீட்டர் ஆரத்தில் ஏறத்தாழ 7¾ ஏக்கரில் புதுவீடு கட்ட முடியாது. 300 மீட்டர் வரை கணக்கிட்டால் சுமார் 70 ஏக்கர் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலமாகிவிடும். ஒரு சென்ட் நிலமும் எடுக்கப்படவில்லை என்பதால் ஒரு ரூபாய் இழப்பீடும் வராது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் மகனுக்கு வீடு கட்ட முடியாமல் போனால், அடுத்த தலைமுறையில் யாராவது நடுகல் கண்டதாகச் சொல்வார்களா? ராத்திரியோடு ராத்திரியாக அது கிணற்றுக்குள் போய்விடும். இழப்பீட்டோடு நிலத்தை எடுப்பதைவிட, எடுக்காமலே முடக்குவது சில நேரம் பெரிய அநீதி.

அதே 1958 சட்டத்தில் உழவருக்கு இணக்கமான ஒரு வழியும் இருக்கிறது. காக்கப்பட்ட பரப்பில் ஓர் அடிக்கு மேல் மண்ணைத் தோண்டாத சாகுபடியை 19-ஆம் பிரிவு தடுக்கவில்லை. ராகி, சாமை, எள், கொள்ளு போட்டுப் பிழைக்கும் மானாவாரி நிலத்துக்கு இது போதும். தென்னைக்குக் குழி வெட்டவும், உளிக்கலப்பை போட்டு ஆழ உழவும்தான் இடமில்லை. உரிமையாளரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு சின்னத்தைப் பராமரிக்கும் வழியையும் 6-ஆம் பிரிவு தருகிறது. நிலத்தை எடுக்காமலே காக்க இந்த இரண்டு பிரிவுகளும் இருக்க, அவற்றைப் போதிய அளவு பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

தொல்லியல் பெயரால் நிலம்: ஈழத்தின் பாடம்

வரலாற்றுப் பாதுகாப்பு என்ற சொல்லை நல்லெண்ணம் என்று மட்டுமே எடுத்துக்கொள்ள முடியாத இடம் இலங்கை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளை நிர்வகிக்க ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அமைத்த செயலணிக்குப் பாதுகாப்புச் செயலர் தலைவர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழர்கூட இல்லை. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் தொல்லியல் எல்லைக்குள் தங்கள் வயல்கள் சேர்க்கப்படுவதாகத் தமிழ் உழவர்கள் போராடினார்கள். எல்லையை யார் வரைகிறார்கள், யாரைக் கேட்டு வரைகிறார்கள் என்பதைப் பொறுத்தே தொல்லியல் காவலாகவோ கைப்பற்றலாகவோ ஆகிறது. அந்த ஆபத்து நம்மிடம் இல்லை என்று யாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

அரூரின் நினைவில் நிற்பவை

அரூர் மக்களிடம் நில எடுப்பு என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர் நீளச் சென்னை–சேலம் பசுமைவழிச் சாலைக்காக 2018-ல் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதிகளில் போலீஸ் காவலோடு நில அளவை நடந்தது. நட்ட எல்லைக்கற்களைப் பெண்கள் உட்பட உழவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், உரிய அனுமதிகளைப் பெற்று மேலே செல்லலாம் என்றது. அதற்கும் முன்னால், 1992 ஜூன் 20-இல் அரூரை அடுத்த வாச்சாத்தி கிராமத்தில் சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் அரசுப் பணியாளர்களே நடத்திய கொடுமைகள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011-ல் தீர்ப்பானது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சீருடையோடும் அளவுச் சங்கிலியோடும் வருபவர்களை இந்த வட்டாரம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

தொல்லியல் துறையும் அதே ஜீப்பில், அதே வருவாய்த் துறை ஊழியரோடு வந்தால் அதையும் மக்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அன்று முதல் நடுகற்கள் மறையத் தொடங்கும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் அளவை. தென்கரைக்கோட்டையையும் செங்கம் கணவாயையும் நடுகற்கள் நிற்கும் ஊர்களையும் ஒரே போர் நிலப்பரப்பாகக் கொண்டு, புலப்படத்தில் புல எண்ணோடு குறிக்க வேண்டும். எது பட்டா, எது புறம்போக்கு, எது கோயில் நிலம் என்று பிரிக்க வேண்டும். பட்டியலைக் கிராம சபையில் படித்து, ஆட்சேபணைகளை எழுதி வாங்க வேண்டும்.

அடுத்து, புறம்போக்கில் உள்ளவற்றை உடனே காக்கலாம். அதற்கு யாருடைய நிலமும் தேவையில்லை. கல்குவாரிக்கு அனுமதி தரும் முன்பும் ஏரி தூர்வாரும் முன்பும் இந்தப் பட்டியலைப் பார்த்தாக வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் அளவிலேயே நடைமுறை வைக்கலாம்.

மூன்றாவது, பட்டா நிலத்து நடுகல்லுக்குத் தேவை ஏக்கர் கணக்கில் இல்லை. கல்லும், அதைச் சுற்றி ஓரிரு சென்ட்டும், போய்வர ஒரு நடைபாதையும் போதும். அதைத் தனிப்பேச்சுவார்த்தை மூலம், வழிகாட்டி மதிப்பைத் தாண்டிய விலை கொடுத்து வாங்கலாம். உரிமையாளர் விற்க மறுத்தால் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கொரு பராமரிப்புத் தொகை தரலாம். வேடியப்பன் வழிபாட்டைத் தொடவே கூடாது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் திரண்டிருப்பது ஆபத்தில் இருந்த கற்களுக்கு நல்ல புகலிடம். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகர்த்திய கல் சண்டை நடந்த இடத்தைச் சொல்லாது. அதனால் அங்கே கொண்டுபோவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

நான்காவது, கட்டாய எடுப்பை அறவே விலக்கிவிட முடியாது. கோட்டை மதில் இடிந்துகொண்டே வந்தால், மண்ணுக்குள் உறுதியான சான்று இருக்கிறது என்று அகழாய்வு காட்டினால், அந்த இடம் குவாரிக்கோ மனைப்பிரிவுக்கோ விலைபோகும் நிலையில் இருந்தால் அரசு எடுக்கத்தான் வேண்டும். சான்று இருக்கும் பரப்பை மட்டும், சமூகத் தாக்க மதிப்பீடு செய்து, முழு இழப்பீடு கொடுத்து எடுக்க வேண்டும். சட்டம் விலக்குத் தருகிறது என்றாலும் தொல்லியல் துறை அந்த விலக்கைப் பயன்படுத்தாமல் இருப்பதே அதற்கு அழகு. எல்லை நிர்ணயிக்கும் குழுவில் நிலத்துக்காரருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடம் வேண்டும். பூங்காவுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் புறம்போக்கைத் தேடட்டும்.

தனியார் தோப்புகளில் உரிமையாளர் சம்மதத்தோடு தோண்டிப் பார்த்த கீழடி, மக்கள் பங்கோடு தொல்லியல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காட்டிவிட்டது. அங்கே நிலம் தந்தவர்கள் வரலாற்றில் பங்காளிகள் ஆனார்கள். அரூரின் போர் நிலத்துக்கும் அதே அணுகுமுறை வேண்டும். ஊர் மந்தைக்காக உயிர்விட்டவனின் நினைவைக் காப்பதற்கு, அந்த ஊரில் இன்று மாடு மேய்த்துப் பிழைப்பவரின் நிலத்தை மிரட்டிப் பறிப்பது அறமாகாது. அவருடைய சம்மதத்தோடு செய்யும் காவலே அடுத்த ஆயிரம் ஆண்டும் நிலைக்கும்.